மாத காண்டாக்ட் லென்ஸ்: 30 நாளா, 30 தடவையா?

மைனஸ்_ஆறு:
நேற்று காபி இழையில் செம்பூர் சேகர் அண்ணா போகிற போக்கில் ஒரு முத்து உதிர்த்திருந்தார்: "மாத லென்ஸை 30 தடவை போடலாம். வாரம் 2 நாள் போட்டால் மூன்றரை மாதம் ஓடும். ஒரு நாள் போட்டு எறியும் டெய்லி லென்ஸ் வாங்குகிறவன் காசைக் குப்பையில் போடுகிறான்." படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. லென்ஸ் அடைத்துவரும் ஃபாயிலைக் கிழித்த நாளிலிருந்து 30 நாள். போட்டாலும் போடாவிட்டாலும். மும்பை லோக்கல் ரயில் பாஸ் மாதிரி. ஏறாத நாளைக் கழித்துத் தரச் சொல்லி தாதர் கவுண்டரில் கேட்டுப் பாருங்கள்.

செம்பூர்_சேகர்:
என் பெயரைப் போட்டே இழையா, சந்தோஷம். தம்பி, லென்ஸ் என்ன ரயில்வேயா? டப்பியில் சும்மா ஊறுவது எப்படித் தேயும்? பாக்ஸில் எக்ஸ்பயரி 2028 என்று அச்சடித்திருக்கிறான். 30 தடவை.

மைனஸ்_ஆறு:
அந்தத் தேதி ஃபாயில் கிழிக்காதவரை. கிழித்தால் 30 நாள்.

முலுண்ட்_மீனா:
சேகர் அண்ணா, டப்பியிலேயும் கிருமி வளரும். லென்ஸ் ஊறும் சொல்யூஷனை ஒவ்வொரு தடவையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுகிறீர்களா, இல்லை மேலாக டாப்-அப்பா?

செம்பூர்_சேகர்:
டாப்-அப்தான். பாட்டில் என்ன சும்மாவா வருகிறது? குர்லாவில் ஒரு நாள் லென்ஸ் கழன்று சட்டைப் பட்டனில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக் குழாயில் பிடித்துவந்த தண்ணீரில் அலசி, பிளாட்பாரத்திலேயே மாட்டிக்கொண்டு வண்டி ஏறினேன். கண் போச்சா?

முலுண்ட்_மீனா:
ஐயோ! குழாய்த் தண்ணீரா! அகாந்தமீபா என்று ஒரு கிருமி அதில் இருக்கலாம். கருவிழியில் புகுந்தால் மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும், பார்வையே போகலாம்.

தாராவி_தம்பி:
எனக்கு சிலிண்டர் பவர் உண்டு, அதாவது கண்ணின் வளைவு சீராக இல்லை. அதற்கான டோரிக் லென்ஸில் டெய்லி நல்லதா, மாதமா?

செம்பூர்_சேகர்:
மீனாம்மா, தானே ஊர்க்காரர்கள் மும்பைத் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டாம்.

முலுண்ட்_மீனா:
முலுண்ட் மும்பைதான். எல்லையில் செக் நாகா தாண்டினால்தான் தானே நகரம். ஹார்பர் ரயில் லைன்காரருக்கு அது எங்கே தெரியப்போகிறது?

மைனஸ்_ஆறு:
விஷயத்துக்கு வாருங்கள். நான் தினமும் 10 மணி நேரம் போடுகிறேன். சிலிக்கான் ஹைட்ரோஜெல் என்ற பொருளில் செய்த மாத லென்ஸ், ஆக்சிஜன் நன்றாகப் போகும். எனக்கு அது கட்டுபடியாகும். வாரம் 2 நாள் போடும் உங்களுக்குத்தான் டெய்லி. கழற்றி எறிந்துவிட்டுப் படுக்கலாம். டப்பியும் வேண்டாம், சொல்யூஷனும் வேண்டாம். ஆனால் மாத லென்ஸ் என்றால் 30 நாள்.

செம்பூர்_சேகர்:
ஆக, நீ மாத லென்ஸ், நான் குப்பையில் போட வேண்டும்! இட்லி மாவுக்கு மிக்ஸியா கிரைண்டரா என்று வந்தபோதும் இப்படித்தான் கடைசியில் பல்டி அடித்தாய். நான் மறக்கவில்லை.

மைனஸ்_ஆறு:
மிக்ஸி என்று நான் சொல்லவே இல்லை!

செம்பூர்_சேகர்:
சொன்னாய். வெந்தயம் வேண்டாம் என்றும் சொன்னாய். அப்புறம் கேள், 1999-இல் சிலிக்கான் லென்ஸ் கடைக்கு வருவதற்கு முன்பிருந்தே லென்ஸ் போடுகிறேன். எனக்கே பாடமா?

முலுண்ட்_மீனா:
அப்போதிருந்து ஒரே ஜோடியா அண்ணா?

தாராவி_தம்பி:
டோரிக் பற்றி யாராவது...

செம்பூர்_சேகர்:
நக்கல் போதும். பிள்ளையார் சதுர்த்திக்குத் திறந்த ஜோடி. ஒவ்வொரு தடவையும் காலண்டரில் கோடு போடுகிறேன். இன்று 23. இன்னும் 7 பாக்கி.