தஞ்சாவூர் ஓவியம்: மக்கு வெடிப்பதும் தங்கம் மங்குவதும்

கேள்வி

தவழும் கிருஷ்ணன், 15க்கு 12 அங்குலம், 6 மி.மீ. பிளைவுட். மக்கு (நகை, தூண் போன்றவற்றைப் புடைப்பாக எழுப்ப வைக்கும் சாக்பவுடர்-பிசின் குழைவு) காய்ந்ததும் மயிரிழை வெடிப்பு விடுகிறது. தங்கத்தாள் ஒரே வருடத்தில் பச்சை பாரிக்கிறது. செய்து பழகியவர்கள் எங்கே பிசகு என்று சொல்லுங்கள்.

பதில் 1

மக்கைக் குற்றம் சொல்வதற்கு முன் பலகையைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் துணி ஒட்டிப் பூச்சு ஏற்றினால், பூச்சு காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கும். பலகை வளைந்தால் மேலே இருக்கும் மக்கு வெடிக்கத்தான் செய்யும். பின்பக்கமும் ஒரு கை பசை பூசி விடுங்கள். உங்கள் அளவுக்கு 6 மி.மீ. போதும், 2 அடியைத் தாண்டினால் 12 மி.மீ. எடுங்கள். பலாவிலும் தேக்கிலும் செய்த காலத்தில் 'பலகைப் படம்' என்றே இதற்குப் பேர். அந்தக் கனம் இன்றைய பிளைவுட்டில் கிடையாது.

காடாத் துணியை அலசிக் கஞ்சியைப் போக்கிய பிறகே ஒட்ட வேண்டும். அதன்மேல் சாக்பவுடரும் பிசினும் கலந்த பூச்சு, நீர்த்த தோசைமாவுப் பதத்தில், மூன்று நான்கு தடவை. ஒரு தடவை நெடுக்கு, அடுத்தது குறுக்கு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசியில் உப்புத்தாள், முதலில் 120 நம்பர் சொரசொரப்பு, பிறகு 320 நம்பர் நைசு.

பதில் 2

வெடிப்புக்கு இன்னொரு காரணம் பிசின் அளவு. வேலம்பிசின் 1 பங்கு, தண்ணீர் 2 பங்கு. இராத்திரி முழுக்க ஊறவைத்து மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அதில் சாக்பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குழைக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் காற்று புகுந்து, காய்ந்தபின் ஊசித்துளைகளாகத் தெரியும். பிரஷ் நுனியில் எடுத்தால் சொட்டக் கூடாது. பலகையில் வைத்ததும் முனை தானாக மழுங்க வேண்டும். அதுதான் பதம்.

படத்தில் வைப்பதற்கு முன் வீண் பலகைத் துண்டில் ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள். விரலால் தேய்த்தால் வெள்ளை ஒட்டுகிறதா, பிசின் குறைவு. வறண்ட ஏரி மாதிரி வெடிக்கிறதா, பிசின் அதிகம், அல்லது ஒரே தடவையில் கனமாக ஏற்றியிருக்கிறீர்கள். 3 மி.மீ. உயரம் வேண்டுமானால் 1 மி.மீ. வீதம் மூன்று தடவை. மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே ஈரம் நின்றால், பிறகு உள்ளே சுருங்கும்போது மேலே கிழியும். வெயிலும் மின்விசிறியும் இதைத்தான் செய்கின்றன. நிழல் போதும். சிலர் கொஞ்சம் ஃபெவிகாலும் சேர்ப்பார்கள். மக்குக்குச் சற்று இழுவை வரும், தப்பில்லை.

மயிரிழை வெடிப்பு என்றால் நீர்த்த மக்கை விரலால் தேய்த்து அடைக்கலாம். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் சுரண்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள். தங்கத்துக்கு அடியில் மறைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தங்கம்தான் முதலில் காட்டிக் கொடுக்கும்.

பதில் 3

பச்சை பாரித்தது தங்கமே இல்லை. மலிவுத் தாள் பித்தளை. அதிலிருக்கும் செம்பு காற்றுப் பட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது. 22 காரட் தாள் வாங்குங்கள்.

வரிசை முக்கியம்: முதலில் நகைகளில் பதிக்கும் கற்கள், கற்களின் விளிம்பை அணைத்து மக்கு, அதன்மேல் தங்கம், கடைசியில்தான் வண்ணம். வண்ணத்தை முதலில் தீட்டினால் தங்கம் ஒட்டும் பிசின் வழிந்து அதைக் கெடுக்கும். தாளைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டி ஒட்டி, மக்கின் பள்ளங்களில் பஞ்சால் அழுத்தி, கல்லின் முகத்தை மூடியிருப்பதை ஊசிமுனையால் வெட்டி எடுக்க வேண்டும்.

பதில் 4

ஒரு சின்ன எச்சரிக்கை. டிரேசிங் தாளின் பின்பக்கம் மேலே வரும்படி வைத்துக் கோடு எடுத்துவிட்டால், பெருமாளின் வலக்கைச் சக்கரம் இடக்கைக்குப் போய்விடும், பிள்ளையார் துதிக்கையும் திசை மாறும். வண்ணம் தீட்டும்போதுதான் கண்ணில் படும். கண்ணாடி ஓவியத்தில் மட்டும் வேண்டுமென்றே மாற்றி எடுப்பார்கள், பின்பக்கம் தீட்டுவதால்.

பட்டாபிஷேகப் படத்துக்கு ஆள் நிறுத்துவதிலும் குழப்பம் வரும். வால்மீகியில் வெண்குடை பிடிப்பவன் சத்ருக்னன், சாமரம் வீசுபவர்கள் சுக்ரீவனும் விபீஷணனும். கம்பனில் குடை பரதன் கையில், சாமரம் தம்பிமார் இருவரிடம், உடைவாள் அங்கதனிடம், அரியணையைத் தாங்குவது அனுமன். இரண்டையும் கலக்காமல், படம் கேட்டவரிடம் எது வேண்டும் என்று கோடு போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மக்கு வைத்த பிறகு குடையைக் கை மாற்ற முடியாது.

பதில் 5

சட்டம் போடும்போது கண்ணாடி கல்லைத் தொடக் கூடாது. இடையில் மெல்லிய மரச்சட்டம் கொடுத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கிருஷ்ணன் மார்பிலிருக்கும் பதக்கம்தான் முதலில் உதிரும். தூசி படிந்தால் காய்ந்த மென்பிரஷ் மட்டும். வேலம்பிசின் எத்தனை வருடம் கழித்தும் தண்ணீரில் கரையும். ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் தங்கம் துணியோடு வந்துவிடும்.