ஷாம்புவ விட்டுட்டு கண்டிஷனர் மட்டும் போட்டு தலைக்கு குளிச்ச கதை, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

நான் பாலக்கோடு பக்கம்ங்க. சுருட்டை முடி, அம்மா பாஷைல சொன்னா தூக்கணாங்குருவிக் கூடு. ஷாம்பு போட்டு காஞ்சதும் ரெண்டு மடங்கா உப்பிக்கும், சீப்பு உள்ள போனா வெளிய வராது, அதனால போன சித்திரைல இனிமே ஷாம்புவே வேணாம், கண்டிஷனர மட்டும் போட்டு குளிக்கலாம்னு ஆரம்பிச்சேன். வீடியோல ஒரு பொண்ணு பண்ணுச்சு, முடி அப்படியே சுருள் சுருளா விழுந்துச்சு. அந்த பொண்ணு வீட்ல ஷவர், நம்ம வீட்ல பக்கெட்டும் மக்கும், அத நான் அப்ப யோசிக்கல.

கண்டிஷனர்லயும் அழுக்கு எடுக்கற சாமான் கொஞ்சம் இருக்கு. பாட்டில் பின்னாடி செட்ரிமோனியம், பெஹென்ட்ரிமோனியம்னு வாய்ல நுழையாத பேரா போட்டிருக்கும், அதுதான். ஷாம்புல வர்ற சல்பேட் மாதிரி எண்ணெய வழிச்சு எடுக்காது, லேசா எடுத்துட்டு முடி மேல வழவழப்ப விட்டுட்டு போகும். ஆனா டைமெத்திகோன் மாதிரி சிலிகான் இருந்தா அது தண்ணில கரையாது, ஷாம்புவும் இல்லன்னா போகப் போக படிஞ்சுக்கும். நான் வாங்குன முதல் பாட்டில்ல ரெண்டாவது பேரே அதுதான், படிச்சு பாக்கற புத்தி அப்புறம்தான் வந்துச்சு.

முதல் வாரம் சூப்பர், நிஜமாவே சூப்பர். ரெண்டாவது வாரம் பரவால்ல. மூணாவது வாரம் தலை சீவுனா சீப்புப் பல்லுக்கு நடுவுல சாம்பல் கலர்ல பிசுக்கு, நகத்தால சுரண்டி மோந்து பாத்தா வடை சுட்டு மிச்சமான எண்ணெய் வாசனை. பின்னே, வெள்ளிக்கிழமைன்னா தலை நிறைய தேங்காயெண்ணெய் வெச்சு தேச்சு விடற வீடு இது, அந்த எண்ணெய் கண்டிஷனருக்கு எங்க அசையும்?

சரின்னு எண்ணெய நிறுத்துனேன், சிலிகான் இல்லாத பாட்டிலா மாத்துனேன், அப்பவும் நுனி முடி மட்டும் வெறப்பா, வெளக்கமாத்து குச்சி மாதிரி. அப்பதான் ஆர்ஓ சர்வீஸுக்கு வந்த அண்ணன் எங்க போர் தண்ணில மீட்டர வெச்சாரு, டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, 1,380. குடிக்கற தண்ணில 500க்குள்ள இருக்கணுமாம். வாட்டர் ஹீட்டர் ராடுல வெள்ளையா சுண்ணாம்பு கட்டிக்குது பாருங்க, கால்சியம், மக்னீசியம் உப்பு, அதேதான் என் முடி மேலயும் படிஞ்சிருக்கு. நம்ம ஊர் தண்ணின்னா எல்லாரும் ஃப்ளோரைடுதான் சொல்லுவாங்க, அது பல்லுக்கும் எலும்புக்கும்தான் எமன், அதுக்குத்தான் 2013ல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரே வந்துச்சு. முடிய இப்படி வெறப்பாக்கறது இந்த சுண்ணாம்பு.

அடுத்த வாரம் என்ன பண்ணேன்னா, குடிக்க புடிச்சு வெச்ச ஒகேனக்கல் தண்ணில ஒரு குடத்த நைசா பாத்ரூமுக்குள்ள தூக்கிட்டு போயி கடைசி அலசு மட்டும் அதுல அலசுனேன். முடி வெண்ணெய்ங்க! வெளிய வந்தா அம்மா நிக்கறாங்க. "ஏன்டி, ரெண்டு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி, நான் குழம்புக்கு ஊத்தறதா உன் கூட்டுக்கு ஊத்தறதா?" மூணு நாள் என்கிட்ட பேசல.

இப்ப வாரம் ஒருக்கா ஷாம்பு, மண்டைல மட்டும். நடுவுல ஒரு நாள் கண்டிஷனர் குளியல், விரல் நுனியால அஞ்சு நிமிஷமாச்சும் தேய்க்கணும், அது முக்கியம். கடைசில ரெண்டு மக்கு நல்ல தண்ணில பாதி எலுமிச்சம்பழம் புழிஞ்சு அலசறேன், ரெண்டு மக்குக்கு மட்டும் அம்மா பர்மிஷன்.

*

ஓசூருங்க. எனக்கு கோரை முடி, எண்ணெய் வழியற மண்டை. பத்தே நாள்தான், மாடு நக்குன மாதிரி ஆயிடுச்சு. ஆபீஸ்ல ஒருத்தி "தலைக்கு குளிச்சு எத்தன நாளாச்சு"ன்னே கேட்டா, அன்னிக்கு காலைலதான் குளிச்சிருந்தேன். செலவையும் சொல்லுங்க, பாக்கெட் ஷாம்பு ரெண்டு ரூபா, கண்டிஷனர் ஒரு பாட்டில் மூணு குளியலுக்கு கூட வரல.

*

கிருஷ்ணகிரிலருந்து. பொடுகு இருக்கறவங்க இத தயவுசெஞ்சு முயற்சி பண்ணாதீங்க. எனக்கு ரெண்டு மாசம் நல்லாத்தான் போச்சு, அப்புறம் காது பின்னாடி, புருவத்துல எல்லாம் செதில் செதிலா, சிவந்து ஒரே அரிப்பு. நான் ஒரு அறிவாளி, வறட்சியா இருக்குன்னு நெனச்சு இன்னும் நல்லா எண்ணெய் வெச்சேன். கடைசில தோல் டாக்டர்கிட்ட போனா, இது வறட்சி இல்லம்மா, மலசேசியான்னு ஒரு ஈஸ்ட், எல்லார் தலைலயும் இருக்கறதுதான், மண்டைல சுரக்கற எண்ணெய தின்னு வளரும், நீங்க அதுக்கு விருந்து வெச்சிருக்கீங்கன்னாரு. 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு குடுத்தாரு, வாரம் ரெண்டு தடவ, போட்டு அஞ்சு நிமிஷம் விட்டு அலசணும். மூணு வாரத்துல அடங்குச்சு. நுனிக்கு மட்டும் இப்பவும் கண்டிஷனர் போடறேன், மண்டைப் பக்கம் கொண்டு போறதில்ல.

*

அரூர்லருந்து அக்கா எழுதறேன். இவ்ளோ பேசறீங்க, அரப்ப ஒருத்தரும் சொல்லலையே? உசில மரத்து இலைய காய வெச்சு இடிச்ச பொடி, சந்தைல பச்சையா குமிச்சு வெச்சு விப்பாங்க. சாதம் வடிச்ச கஞ்சில கரைச்சு தேச்சா எண்ணெயும் போகும், முடி வழுவழுன்னும் இருக்கும், சீயக்காய் மாதிரி வெறப்பாகாது. எங்க ஆயா எழுபது வயசு வரைக்கும் இதுதான். கஷ்டம் என்னன்னா கண்ணுல பட்டா உயிர் போகும், சரியா அலசலன்னா தலையணை பூரா பச்சைப் பொடி.

*

பாலக்கோடுதான் மறுபடியும். அக்கா, கஞ்சி சூடா இருக்கணுமா, ஆற வெக்கணுமா?

*

ஆற வெச்சு கண்ணு. சூடா ஊத்தி தலைய அவிச்சுக்காத. அப்புறம் அந்த கஞ்சிய அம்மாகிட்ட கேட்டு எடு.