முதல் த்ரீ-கன் போட்டி: ஷாட்கன் எது, தோட்டா எவ்வளவு?

கேள்வி
டெக்சாஸில் ஒரு கிளப் நடத்தும் த்ரீ-கன் போட்டியில் (பிஸ்டல், ரைஃபிள், ஷாட்கன் மூன்றாலும் சுடுவது) முதல்முறை சேரப்போகிறேன். 9 எம்எம் பிஸ்டல், ஏஆர்-15 ரைஃபிள் இருக்கின்றன. ஷாட்கன் இல்லை. வேறு என்ன வேண்டும்?

பதில் 1
12 கேஜ் (குழல் அளவு) செமி-ஆட்டோ ஷாட்கன், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறுவது; தோட்டாவைக் குழலுக்கு அடியில் நிரப்பும் டியூப் மேகசின். முதல் போட்டிக்கு இரவல் துப்பாக்கியே போதும். சோக் (குழல் முனையில் குண்டுகள் பரவுவதைக் கட்டுப்படுத்துவது) இம்ப்ரூவ்டு சிலிண்டர் என்ற சற்றே இறுக்கமான வகை போடுங்கள், இலக்காக நிற்கும் ஸ்டீல் தட்டுகளுக்கு 7½ எண் பேர்ட்ஷாட் (சிறு குண்டுகள் அடைத்த தோட்டா). நேரம் போவது சுடுவதில் இல்லை, நிரப்புவதில்தான். டம்மி ஷெல் (வெடிக்காத போலித் தோட்டா) வாங்கி, இரண்டிரண்டாக நிரப்பி வீட்டிலேயே பழகுங்கள். அறிவிப்பில் உள்ள எண்ணிக்கையைப் போல ஒன்றரை மடங்கு தோட்டா எடுத்துப்போங்கள். ரைஃபிள் தோட்டாவில் காந்தம் ஒட்டினால் பல ரேஞ்சுகளில் அனுமதி இல்லை, ஸ்டீல் தட்டு பழுதாகும் என்பதால்.

பதில் 2
தோட்டாவைவிட முக்கியம், தகுதிநீக்கம் ஆகாமல் இருப்பது. குழல் முனை 180 டிகிரி கோட்டை (நீங்கள் நிற்கும் இடத்தில் இடம் வலமாகச் செல்லும் கற்பனைக் கோடு) தாண்டிப் பின்னால் திரும்பினால் அன்றைய போட்டி முடிந்தது. இடப்பக்கம் ஓடிக்கொண்டே ரீலோட் செய்யும் வலக்கைக்காரர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும். ஒரு துப்பாக்கியை அங்கே வைத்திருக்கும் டிரம்மில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும்போது, முதலாவதில் சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டிருக்க வேண்டும், அல்லது அது முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். அவசரத்தில் மறப்பது இதைத்தான். சேஃப்டி ஏரியாவில் (தோட்டா இல்லாமல் துப்பாக்கியைக் கையாள ஒதுக்கிய இடம்) டம்மி தோட்டாவைக்கூடத் தொடாதீர்கள். சேம்பர் ஃப்ளாக் (தோட்டா அறை காலி என்று காட்டும் கொடி) மறக்க வேண்டாம்.

பதில் 3
ஏஆரை 200 கஜத்துக்கு ஜீரோ செய்யுங்கள், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி சைட்டை (குறிபார்க்கும் கருவி) சரிசெய்யுங்கள். ஆனால் 5 கஜத்தில் குண்டு குறியைவிட ஏறக்குறைய 2 அங்குலம் கீழே படும், சைட் குழலுக்கு மேலே இருப்பதால். கீழே நோ-ஷூட் (சுடக்கூடாத) அட்டை இருந்தால் மேலே குறிவையுங்கள்.