எட்டாம் வகுப்பு அறிவியல்: வாசித்தால் எல்லாம் தெரிகிறது, தாளில் வரமாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

கணக்கு அப்பா

மகளுக்கு இன்னும் 9 நாளில் அறிவியல் தேர்வு. உயிரியலில் செல், ஒளிச்சேர்க்கை, சுவாசம், இதயம். வேதியியலில் தனிமம், சேர்மம், கலவை, அப்புறம் இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம், அமிலம், காரம். நான் வணிகவியல் படித்தவன், அறிவியலைத் தொட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் தினமும் மாலையில் அவளோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாடத்தையும் மூன்று முறை வாசித்தாகிவிட்டது. முக்கியமான வரிகளில் மஞ்சள் அடித்திருக்கிறோம், இப்போது மஞ்சள் இல்லாத வரிதான் குறைவு. வரையறைகளை ஐந்தைந்து முறை எழுதவும் வைத்தேன். வாசிக்கும்போது "தெரியும்ப்பா, தெரியும்ப்பா" என்கிறாள். நேற்று மாதிரித் தேர்வு வைத்தேன், 50க்கு 21.

தப்பாகப் போனவற்றில் சிலதை அப்படியே தருகிறேன்:

வெங்காயத் தோல் செல்லில் பசுங்கணிகம் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நிறப் பகுதி) ஏன் இல்லை? "அது விலங்கு செல் மாதிரி" என்று எழுதியிருக்கிறாள்.

உப்பு தண்ணீரில் கரைவது எந்த வகை மாற்றம்? "வேதியியல் மாற்றம், ஏனென்றால் உப்பு காணாமல் போய்விட்டது."

24 கிராம் மெக்னீசியம் எரிந்து 40 கிராம் சாம்பல் ஆனது எப்படி? எழுதவே இல்லை. கேட்டால், எரிந்தால் குறையத்தானே வேண்டும், கேள்வியே தப்பு என்கிறாள்.

இதயப் படத்தில் இடது வலது மாறிப்போயிருக்கிறது.

செடி எப்போது சுவாசிக்கும் என்ற கேள்விக்குச் சரியாகத்தான் எழுதியிருந்தாள், "பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம்" என்று, ஆனால் விடைக்குறிப்பில் அதையும் தப்பு என்று போட்டிருக்கிறது. விடைக்குறிப்பிலேயே பிழையா?

இன்னும் எத்தனை முறை வாசிக்க வைப்பது?

பென்சில் முனை

நான் பதினொன்றாவது படிக்கிறேன் அங்கிள். எட்டாவதில் நானும் இதே கதைதான், புத்தகம் முழுக்க மஞ்சள். வாசிக்கும்போது வருகிற "தெரியும்" வேறு, தானாக எழுதும்போது வருகிற "தெரியும்" வேறு. முதலாவது, வழியில் பார்க்கிற முகத்தை அடையாளம் தெரிவது மாதிரி. இரண்டாவது, அந்த முகத்தைப் பார்க்காமலே வரைவது. தேர்வில் கேட்பது இரண்டாவதைத்தான்.

நாலாவது முறை வாசிக்க வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் அந்தப் பாடத்தில் நினைவுக்கு வருவதையெல்லாம் 10 நிமிடம் எழுதச் சொல்லுங்கள், படமும் சேர்த்து. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் அவளே சேர்க்கட்டும். மறுநாள் மறுபடி வெள்ளைத்தாள். நேற்று சிவப்பாக இருந்தது இன்று நீலத்தில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். முதல் நாள் தாள் பார்க்கவே பரிதாபமாக இருக்கும், அழுதாலும் அழுவாள், நான் அழுதேன்.

இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றத்துக்கு ஒரு சுருக்கு வழி: திரும்பக் கொண்டுவர முடிந்தால் இயற்பியல், முடியாவிட்டால் வேதியியல். அவ்வளவுதான்.

சோதனைக்குழாய்

வெள்ளைத்தாள் யோசனை அருமை தம்பி, ஆனால் அந்தச் சுருக்கு வழியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடு. தாளைத் தூள்தூளாகக் கிழித்தால் திரும்ப ஒட்ட முடியுமா? முடியாது. ஆனாலும் அது இயற்பியல் மாற்றம்தான், தாள் தாளாகவேதான் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: புதிய பொருள் உண்டானதா இல்லையா?

கணக்கு அப்பா சார், விடைகளை அப்படியே எழுதியது நல்லதாகப் போயிற்று. நான் பள்ளி ஆய்வகத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன், இந்த விடைகளை வருடாவருடம் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்கு மறதி ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாததை "இல்லை" என்று எடுத்துக்கொள்கிறாள். உப்பு கண்ணில் படவில்லை, அதனால் போய்விட்டது. ஆக்சிஜன் கண்ணில் படவில்லை, அதனால் மெக்னீசியத்தின் கூடுதல் எடைக்குக் காரணம் கிடைக்கவில்லை. இதற்கு வரையறையை ஐம்பது முறை எழுதினாலும் பயன் இல்லை.

உப்புக்கு ஒரு தராசு போதும். 100 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, கரைத்தபின் நிறுத்துப் பார்க்கட்டும், 110 இருக்கும். காணாமல் போன பொருளுக்கு எடை எப்படி இருக்கும் என்று அவளையே கேளுங்கள். தண்ணீரை ஒரு தட்டில் காயவிட்டால் உப்பு தட்டிலேயே நிற்கும்.

மெக்னீசியம் கணக்கை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும், அது உங்கள் தொழில். 24 கிராம் கையிருப்பு, 40 கிராம் இறுதி இருப்பு. அப்படியானால் 16 கிராம் வரவு எங்கிருந்து? காற்றிலுள்ள ஆக்சிஜனிலிருந்து. கட்டை எரியும்போது சாம்பல் குறைவாக மிஞ்சுவதைப் பார்த்துத்தான் "எரிந்தால் குறையும்" என்ற எண்ணம் வருகிறது. அங்கே கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் செலவுப் பக்கத்தில் வெளியே போய்விட்டன, யாரும் குறித்துவைக்கவில்லை. இப்படி வேதிவினையை வரவுசெலவு மாதிரி நிறுத்துக் காட்டிய பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் வரி வசூல் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தவர். பொருண்மை அழியாது என்பதை 1789இல் வந்த தன் பாடநூலில் எழுதினார். 1794இல் அந்த வரி வசூல் தொடர்புக்காகவே தலையை வெட்டிவிட்டார்கள், அது வேறு கதை.

கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நான் எப்போதும் செய்துகாட்டுவது இரும்பும் கந்தகமும். இரும்புத்தூள் 7 கிராம், கந்தகப்பொடி 4 கிராம். கலக்கினால் சாம்பலும் மஞ்சளுமாக இருக்கும், காந்தத்தைத் தாளில் சுற்றி மேலே ஓட்டினால் இரும்பு மட்டும் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், மஞ்சள் பொடி கீழே கிடக்கும். அதே கலவையைச் சோதனைக்குழாயில் போட்டுச் சூடாக்கினால் ஓர் இடத்தில் செந்தணல் பிடிக்கும், அப்போது விளக்கை எடுத்துவிட்டாலும் அந்தத் தணல் தானாகவே மேலே ஊர்ந்து போகும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பது அந்த நேரத்தில்தான். ஆறியதும் கருப்புக் கட்டி ஒன்று இருக்கும், காந்தம் அதைச் சீண்டாது. இரும்பும் உள்ளேதான் இருக்கிறது, கந்தகமும் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் இரண்டின் குணமும் இல்லை. அதுதான் இரும்பு சல்பைடு என்ற சேர்மம். (வீட்டில் செய்ய வேண்டாம், புகை நல்லதல்ல.)

விடைக்குறிப்பில் பிழை இல்லை சார். செடி இரவில் மட்டும் சுவாசிப்பதில்லை.

கணக்கு அப்பா

சார், இது எனக்குப் புரியவில்லை. "பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம்" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், எங்கள் வாத்தியார் எனக்கு அப்படித்தான் சொன்னார். பகலில் ஆக்சிஜன் விடுகிறது, இரவில் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது, இல்லையா?

சோதனைக்குழாய்

வெளியே வருவதை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது கிட்டத்தட்ட சரி. உள்ளே நடப்பது வேறு. சுவாசம் என்பது உணவை உடைத்து ஆற்றல் எடுப்பது, உயிருள்ள செல் எதுவும் அதைப் பகலென்றும் இரவென்றும் பார்த்து நிறுத்திவைப்பதில்லை. பகலில் செடியில் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. நல்ல வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கையின் வேகம் பலமடங்கு அதிகம், அதனால் சுவாசத்தில் வரும் கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே செலவாகி, மிச்சமாகும் ஆக்சிஜன் வெளியே வருகிறது. இரவில் ஒரு வேலை நின்றுவிடுவதால் மற்றது கண்ணில் படுகிறது. நிகர லாபத்தை மட்டும் பார்த்துவிட்டுச் செலவே இல்லை என்று சொல்வீர்களா? இலைகள் வெளிச்சம் இருந்தால்தான் ஆக்சிஜன் விடுகின்றன என்று இங்கன்ஹவுஸ் என்ற அறிஞர் 1779இலேயே காட்டிவிட்டார்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை: தாவர செல்லில் பசுங்கணிகம், விலங்கு செல்லில் மைட்டோகாண்ட்ரியா என்று பங்குபோட்டு எழுதுவது. மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் சுவாசம் நடக்கும் இடம், அது இரண்டிலும் உண்டு. தாவர செல்லில் கூடுதலாக இருப்பவை செல் சுவர், பெரிய நுண்குமிழ், பசுங்கணிகம். கடைசியாகச் சொன்னதும் எல்லாத் தாவர செல்லிலும் இருக்காது. வெங்காயக் குமிழ் மண்ணுக்குள் இருட்டில் கிடக்கிறது, சேமிப்பதுதான் அதன் வேலை, உணவு தயாரிப்பதல்ல. வெளிச்சத்தில் நிற்கும் வெங்காயத்தாளைப் பாருங்கள், பச்சைப்பசேல் என்று இருக்கும். "செல் சுவர் இருக்கிறது, அதனால் தாவர செல்தான்" என்று அவள் முதலில் முடிவு செய்திருந்தால் அந்த விடை வந்திருக்காது.

அப்புறம் ஒரு கேள்வி, அவளிடம் கேட்டுப் பாருங்கள்: மரத்தின் உடம்பு எதிலிருந்து வருகிறது? மண்ணிலிருந்து என்பாள். ஹெல்மான்ட் என்பவர் சுமார் 2 கிலோ இருந்த வில்லோ கன்றைத் தொட்டியில் நட்டு 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 77 கிலோ ஆயிற்று, மண்ணில் குறைந்தது 60 கிராம்கூட இல்லை. அவர் இறந்தபின் 1648இல் அது அச்சில் வந்தது. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவுகட்டிவிட்டார் பாவம், காற்றை அவரும் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் மகள் செய்த அதே தப்பு, நல்ல துணைதான்.

இரவுப் பணி

செவிலியர் நான். இதயத்துக்கு மட்டும் வருகிறேன். படத்தைக் கிழித்து எடுத்து (நகல்தான், புத்தகத்தை இல்லை) அச்சிட்ட பக்கம் வெளியே தெரியும்படி அவள் மார்பில் வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது படத்தின் இடது வெண்ட்ரிக்கிள் (கீழறை) அவளுடைய இடது பக்கம் வந்துவிடும். படம் எதிரே நிற்கும் ஒருவருடைய இதயம், நம்முடையது இல்லை, குழப்பம் முழுக்க அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் தசைச் சுவரைப் பார்க்கட்டும், தடித்திருப்பது இடது. வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு அனுப்புகிறது, இடது வெண்ட்ரிக்கிள் உடம்பு முழுக்கத் தள்ள வேண்டும்.

இன்னொன்று. "ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறோம், கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறோம்" என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம், வெளியே வருவதில் 16 சதவீதம் இன்னும் மிச்சம் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதத்திலிருந்து 4 சதவீதம் அளவுக்கு ஏறுகிறது. நாம் விடும் மூச்சில் ஆக்சிஜனே இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி ஒருவரைப் பிழைக்கவைக்க முடியுமா?

கணக்கு அப்பா

நாலு நாள் கழித்து எழுதுகிறேன். முதல் வெள்ளைத்தாளில் ஆறு வரிதான் வந்தது, தம்பி சொன்ன மாதிரியே அழுகை. நேற்றைய தாளில் இரண்டு பக்கம். வரவுசெலவு வேலை செய்கிறது, இப்போது எதைக் கேட்டாலும் "உள்ளே என்ன போச்சு, வெளியே என்ன வந்துச்சு" என்று அவளே ஆரம்பிக்கிறாள். இரண்டாவது மாதிரித் தேர்வு 50க்கு 36.

இன்னும் மாட்டிக்கொள்வது வாயுச் சோதனையிலும் லிட்மஸிலும். இலையில் ஸ்டார்ச் (மாவுச்சத்து) இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் வரிசை மாறுகிறது.

பென்சில் முனை

லிட்மஸ் தாளுக்கு "அமிலம் நீலத்தைச் சிவப்பாக்கும்" என்ற ஒரு வரி போதும், காரம் அதற்கு நேர் எதிர், இரண்டாவது வரியை மனப்பாடம் செய்தால்தான் குழம்பும். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவில் 7 நடுநிலை, குறைந்தால் அமிலம். வாயு: ஹைட்ரஜனில் எரியும் குச்சியைக் காட்டினால் "பாப்" சத்தம், ஆக்சிஜனில் அணையப்போகிற தணல் மறுபடி பற்றும், கார்பன் டை ஆக்சைடு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கும். குச்சி எரிகிறதா தணலா என்று எழுதாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்.

சோதனைக்குழாய்

ஸ்டார்ச் சோதனையை வரிசையாக மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒவ்வொரு படிக்கும் "ஏன்" தெரிந்தால் வரிசை மாறவே மாறாது. கொதிநீரில் இலையைப் போடுவது செல்களைக் கொன்று சவ்வைத் திறக்க. பிறகு ஆல்கஹாலில் சூடாக்குவது பச்சையத்தை எடுக்க, இல்லாவிட்டால் கடைசி நிறம் தெரியாது. அதை நேராகத் தீயில் வைக்காமல் வெந்நீருக்குள் வைப்பது ஆல்கஹால் தீப்பிடிக்கும் என்பதால். வெளியே எடுத்த இலை வெளுத்து, மொடமொடவென்று உடையும் பதத்தில் இருக்கும், அதனால் வெந்நீரில் அலசி மெதுவாக்க வேண்டும். கடைசியில் அயோடின். ஸ்டார்ச் இருந்தால் கருநீலம், இல்லாவிட்டால் அயோடினின் பழுப்பே நிற்கும்.

கணக்கு அப்பா

தேர்வு முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறாள் என்றுதான் தோன்றுகிறது, மெக்னீசியம் கேள்வி எண்களை மாற்றி வந்திருக்கிறது, 12 கிராம் எரித்தால் எவ்வளவு என்று. 20 என்று போட்டிருக்கிறாள். ஒன்றில் மட்டும் சந்தேகம்: தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போது வரும் பெரிய குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது? அவள் "காற்று" என்று எழுதியிருக்கிறாள். சரிதானே?

சோதனைக்குழாய்

இல்லை சார், நீராவி. சூடேறத் தொடங்கும்போது பாத்திரத்தின் ஓரத்தில் பொடிப்பொடியாக ஒட்டி நிற்கின்றனவே, அவை தண்ணீரில் கரைந்திருந்த காற்று. பெரியவை வருவதற்குள் அது பெரும்பாலும் போய்விடும். வேறு சில பிள்ளைகள் "ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்" என்று எழுதுவார்கள், அதுவும் தப்பு, கொதிப்பதால் தண்ணீர் மூலக்கூறு உடைவதில்லை.

கணக்கு அப்பா

அப்படியானால் அந்த 2 மதிப்பெண்ணும் என் கணக்கில்தான். போன வாரம் அடுப்படியில் நின்று கேட்டாள், காற்று என்று சொன்னது நானேதான்.