கடலில் எண்ணெய் மேடைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பு யார்?

கேள்வி (சூரமங்கலம், சேலம்):
மும்பைக் கடலில் துரப்பண மேடையில் பணிபுரியும் என் தம்பி விடுப்பில் வந்திருக்கிறான்; கொடியில் காயும் அவனுடைய ஆரஞ்சு நிறப் பணியுடையைப் பார்க்கும்போதெல்லாம், 2005 ஜூலை 27 அன்று அங்குள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில் 22 பேரைப் பலிகொண்ட தீவிபத்து நினைவுக்கு வருகிறது. இங்குள்ள மேக்னசைட் சுரங்கங்களைச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் கவனிக்கிறது. கடலில் யார்?

பதில் 1:
சகோதரி, 2008ஆம் ஆண்டின் கடல்சார் பாதுகாப்பு விதிகளின்படி அது எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகத்தின் பொறுப்பு. 2005இல் கப்பல் மோதி எரிவாயுக் குழாய் உடைந்ததே தீக்குக் காரணம் என்பதால், கப்பல்கள் மேடையை நெருங்க எப்படி அனுமதி தரப்படுகிறது என்று தம்பியிடம் கேளுங்கள்.

பதில் 2 (ஏற்காடு):
அந்த இயக்குநரகம், எண்ணெய் உற்பத்தியைக் கவனிக்கும் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழேயே இருப்பதுதான் என் கவலை. 2010இல் அமெரிக்கக் கடலில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தபின், எண்ணெய் எடுக்கக் குத்தகை வழங்கும் பணியையும் பாதுகாப்பு ஆய்வையும் அமெரிக்கா தனித்தனி அமைப்புகளிடம் பிரித்துக் கொடுத்தது. இங்கும் அவ்வாறு பிரிக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. இன்றிரவே தம்பியிடம் கேட்கிறேன்.