சில்க்சாங்கில் ஓர் அடிக்கு இரண்டு முகமூடிகள்: நியாயமா, இல்லையா?

கொள்ளிடத்தான் எழுதியது:

அண்மையில் முடித்த கேம்களைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும் என்றிருந்தேன், நிதானம் போய்விட்டது. பக்கத்துத் திரியில் நிழல்வாள், ‘சில்க்சாங் கடினம் என்று புலம்புகிறவர்களுக்கு விளையாடத் தெரியவில்லை, அவ்வளவுதான்’ என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் சில்க்சாங்கின் முந்தைய பாகமான ஹாலோ நைட்டை மூன்று முறை முடித்தவன். அதில் வரும் பெரிய எதிரியான நைட்மேர் கிங் கிரிம்மை வீழ்த்தியவன். அந்த வரி என்னையும் சேர்த்துத்தான் சுடுகிறது.

மற்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பெடிஷன் 33, 2025 இல் வந்தவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. எதிரியின் ஆயுதம் இறங்கும் கணத்தில் பொத்தானை அழுத்தி அடியைத் தட்டிவிடும்போது எழும் ஓசைக்காகவே இரவு இரண்டு மணி வரை விழித்திருந்தேன். ஹேடிஸ் 2 நன்று, ஆனால் அதன் கதைமுடிவு முதல் பாகத்தைப் போல மனத்தில் தங்கவில்லை. நைட்ரெய்னைத் தனியாக ஆடிப் பார்த்துக் கைவிட்டேன். அது மூவர் சேர்ந்து ஆடுவதற்கென்றே அமைந்தது.

இனி சில்க்சாங். தொடக்கத்தில் நாயகி ஹார்னெட்டுக்கு ஐந்து முகமூடிகள், அதாவது ஐந்து உயிர்ப்புள்ளிகள். மூர்விங் என்ற பெரிய எதிரி ஒரு முறை அடித்தால் இரண்டு போகும், மீதி மூன்று. அடுத்த அடியில் ஒன்று மிஞ்சும். மூன்றாம் அடியில் சாவு. மூலைமுடுக்கெல்லாம் தேடி நான்கு முகமூடித் துண்டுகளைச் சேர்த்து ஆறாவது முகமூடியைப் பெற்றால் என்ன ஆகிறது? ஆறு நான்காகும், நான்கு இரண்டாகும், மீண்டும் அதே மூன்றாம் அடியில் சாவு. பல மணி நேரம் உழைத்துப் பெற்ற பரிசு அந்தச் சண்டையில் எள்ளளவும் உதவவில்லை. இதைக் கடினம் என்று சொல்ல மாட்டேன்; உழைப்பை அவமதிப்பது என்றே சொல்வேன்.

நிழல்வாள் எழுதியது:

நான் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. உங்கள் கணக்கு பாதிக் கணக்கு. ஹாலோ நைட்டில் மூன்று வெட்டுகளுக்கு உரிய சோல் என்ற ஆற்றல் சேர்ந்தால் ஒரு முகமூடி மீளும். சில்க்சாங்கில் வெட்டுக்கு ஒன்றாக ஒன்பது சில்க் சேர்ந்தால் மூன்று முகமூடிகள் ஒரே நேரத்தில் மீளும். விகிதம் மாறவே இல்லை. மேலும் ஹாலோ நைட்டின் பழைய வீரன் தரையில் நின்றபடி காத்திருக்க வேண்டும். ஹார்னெட் அந்தரத்தில் பாய்ந்துகொண்டிருக்கும்போதே தன்னைக் குணப்படுத்திக்கொள்கிறாள். இவ்வளவு வலிமையைக் கொடுத்தவர்கள் அதற்கேற்ப அடியையும் கூட்டியிருக்கிறார்கள். கிரிம்மை வீழ்த்தியதாகச் சொல்கிறீர்களே, அவனுடைய அடிக்கும் இரண்டு முகமூடிகள்தான். அன்று இந்தப் புகார் எங்கே போயிருந்தது?

கொள்ளிடத்தான் எழுதியது:

விகிதம் மாறவில்லை என்கிறீர்கள். வாங்கும் அடியின் விலை மாறியிருப்பதைப் பார்க்க மறுக்கிறீர்கள். பழைய ஆட்டத்தில் ஓர் அடியின் காயத்தை ஆற்ற மூன்று வெட்டுகள் போதும். இதில் இரண்டு முகமூடி அடி ஒன்றின் காயத்தை ஆற்ற ஆறு வெட்டுகள் வேண்டும். அந்த ஆறோடு நிறுத்தவும் முடியாது, ஒன்பதும் நிரம்பினால்தான் பைண்டு, அதாவது குணப்படுத்தல், செய்ய முடியும். செய்யும்போது அடி விழுந்தால் சேர்த்த சில்க் முழுவதும் வீண். கிரிம், ஆட்டத்தின் கடைசிக் காலத்தில் வருபவன். அவனிடம் போகும்போது கையில் ஒன்பது முகமூடிகள் இருக்கும். மூர்விங் வழியை மறிப்பது ஐந்து முகமூடிக் காலத்தில்.

என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை: மூர்விங்கின் முன்னால் ஆறாவது முகமூடியால் என்ன பயன்?

பழைய கேசட் எழுதியது:

தம்பிகளே, தொண்ணூறுகளில் டி.வி. கேமில் கேசட்டை ஊதி ஊதிச் செருகி கான்ட்ரா ஆடிய தலைமுறை நாங்கள். அதில் முகமூடியும் கிடையாது, குணப்படுத்தலும் கிடையாது. ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போயிற்று. யாரும் அழவில்லை. மறுநாள் பள்ளிவிட்டு வந்து மறுபடியும் ஆடினோம்.

தேன்மொழி எழுதியது:

பழைய கேசட் ஐயா, நானும் அதே கான்ட்ராவை என் அண்ணனோடு ஆடியவள். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தி முப்பது உயிர்களைப் பெற்றுக்கொண்டுதான் எங்கள் தெருவில் எல்லோரும் முடித்தார்கள். அந்த வசதியைச் செய்தவர்களே ஆட்டத்துக்குள் வைத்திருந்தார்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன். ஹேடிஸில் காட் மோட் இருக்கிறது. முதலில் இருபது விழுக்காடு பாதுகாப்புக் கொடுத்து, ஒவ்வொரு சாவுக்கும் இரண்டு விழுக்காடு கூட்டிக்கொண்டே போகும். செலெஸ்டில் ஆட்டத்தை எளிதாக்கிக்கொள்ள அசிஸ்ட் மோட் இருக்கிறது. எக்ஸ்பெடிஷன் 33 இல் ஸ்டோரி என்ற எளிய நிலை இருக்கிறது. இவற்றால் அந்தக் கேம்களின் பெருமை எதுவும் குறைந்துவிடவில்லை.

நிழல்வாள் எழுதியது:

எளிய நிலை வேண்டுபவர்கள் எளிய நிலை உள்ள கேமை ஆடலாமே. இது அடிலெய்டில் மூன்று பேர் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் செதுக்கிய ஆட்டம். ஒவ்வொரு அறையும் அந்த அடியின் அளவை மனத்தில் வைத்துத்தான் அளந்து கட்டப்பட்டிருக்கிறது. ஒரு கல்லை உருவினால் சுவர் நிற்காது.

ஆறாவது முகமூடிக்கு வருகிறேன். வழியில் வரும் சாதாரணப் பூச்சிகள் ஒரு முகமூடிதான் எடுக்கும். ஐந்தோடு போகிறவர் வழியில் ஒன்றை இழந்தால் நான்கோடு நிற்பார்; இரண்டாம் அடியில் சாவார். ஆறோடு போகிறவர் ஒன்றை இழந்தாலும் ஐந்து இருக்கும். மூன்று அடி தாங்குவார். பயன் இதுதான். இதைக்கூடப் பார்க்காமல் மூன்று பத்தி எழுதியிருக்கிறீர்கள்.

கொள்ளிடத்தான் எழுதியது:

உங்கள் கூற்றிலேயே பிழை இருக்கிறது. ஐந்து முகமூடி இருப்பவர் மூன்றாம் அடியில் சாகிறார். தாங்குவது இரண்டு அடிதான். எண்ணத் தெரியாதவர் மற்றவர்களுக்கு விளையாடத் தெரியவில்லை என்று எழுதக் கூடாது. நான் கேட்டது வழியில் வரும் பூச்சிகளைப் பற்றி அன்று. முழு முகமூடிகளோடு மூர்விங்கின் முன்னால் நிற்பவனைப் பற்றி. அவனுக்கு ஆறாவது முகமூடி பயன்படாது. ஏழாவது கிடைத்தால்தான் ஓர் அடி கூடுதலாகத் தாங்க முடியும். அதற்கு எட்டுத் துண்டுகள் வேண்டும்.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். சென்ற ஆண்டு எல்டன் ரிங் திரியில் மலேனியா என்ற பெரிய எதிரியைத் தனியாக வீழ்த்தியதாக நீங்கள் பெருமையோடு எழுதினீர்கள். நீங்கள் போட்ட படத்தில் உங்களுக்குப் பக்கத்திலேயே, உங்கள் உருவெடுத்துச் சண்டையிடும் துணையான மிமிக் டியர் நின்றது. இரண்டு பேராக நின்று அடித்தவர் இன்று எனக்குத் தனிமையின் பெருமையைப் போதிக்கிறார்.

நிழல்வாள் எழுதியது:

மிமிக் டியர் ஆட்டம் கொடுத்த கருவி. ஆட்டம் கொடுத்ததைப் பயன்படுத்துவது குற்றமில்லை. அந்தப் படம் என் இரண்டாம் ஆட்டத்தில் எடுத்தது என்று அன்றே விளக்கினேன். அந்த விளக்கத்தை நீங்கள் படிக்கவில்லை, படித்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

தேன்மொழி எழுதியது:

ஆட்டம் கொடுத்ததைப் பயன்படுத்துவது குற்றமில்லை என்றால், ஆட்டம் கொடுக்க வேண்டும் என்று கேட்பதும் குற்றமில்லை. மூட்டுவலியோடு கன்ட்ரோலரைப் பிடிக்கிற எனக்கு ஹார்னெட்டின் சாய்வான கீழ்வெட்டுப் பழகவே பத்து நாள் ஆயிற்று. சிவப்புப் பூவின் மேல் சாய்வாக விழுந்து எழும்பி, அடுத்த பூவுக்குத் தாவுவதற்குள் கட்டைவிரல் மரத்துப்போகும்.

பழைய கேசட் எழுதியது:

அதற்குத்தான் வெட்டும் முறையை மாற்றும் வாண்டரர் கிரெஸ்ட் இருக்கிறது, அம்மா. நேர்கீழாக வெட்டலாம், பழைய வீரனைப் போல. தேடி எடுத்துப் பொருத்தியிருந்தால் பத்து நாள் வீணாகியிருக்காது.

தேன்மொழி எழுதியது:

பத்து நாள் வீணாயிற்று என்று நான் எழுதவில்லை, ஐயா. அந்த கிரெஸ்ட் இருக்குமிடத்தை நானே கண்டுபிடித்துப் பொருத்திக்கொண்டேன். கேட்காத அறிவுரை தர வேண்டாம்.

கொள்ளிடத்தான் எழுதியது:

கிரெஸ்ட் பேச்சு வேண்டாம்; அடியைப் பற்றிப் பேசுவோம். 2025 செப்டம்பரில் ஆட்டம் வெளிவந்தது. அதே மாதத்தில் வந்த முதல் பேட்சில், அதாவது திருத்தத்தில், மூர்விங், சிஸ்டர் ஸ்பிளின்டர் என்ற இரண்டு எதிரிகளின் கடினத்தையும் ஆட்டத்தைச் செய்த டீம் செர்ரியே சற்றுக் குறைத்தது. நான் புலம்பினேன் என்றால், செய்தவர்களும் என்னோடு சேர்ந்து புலம்பியிருக்கிறார்கள் என்று பொருள்.

லாஸ்ட் ஜட்ஜ் என்ற எதிரியிடம் எனக்கு நேர்ந்ததையும் எழுதிவிடுகிறேன். பிளாஸ்டட் ஸ்டெப்ஸ் என்ற பகுதியின் மணல் காற்றில் ஏறி, துளைப்பான் மூக்கோடு பாயும் பூச்சிகளைத் தாண்டி, ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அதே வழியாக ஓடினேன். இருபத்தேழாம் முறை அவர் சாய்ந்தார். ஒரே ஒரு முகமூடி மிச்சம். மகிழ்ச்சியில் கன்ட்ரோலரை மடியில் வைத்தேன். அவர் உடல் வெடித்தது, ஹார்னெட்டும் அதோடு போனாள். செத்த பிறகும் அடிக்கிற எதிரி.

நிழல்வாள் எழுதியது:

பேட்ச் வந்த பிறகும் இரண்டு முகமூடி அடி ஆட்டத்தில் அப்படியேதான் இருக்கிறது. அது தவறு என்று அவர்கள் கருதியிருந்தால் அதைத்தான் முதலில் எடுத்திருப்பார்கள். சாய்ந்த எதிரியின் அருகில் நின்றவர் நீங்கள்; ஹன்டர்ஸ் மார்ச் என்ற பகுதியில், இளைப்பாற உட்கார்ந்தவுடன் பொறி பாயும் பெஞ்சைப் பார்த்த பிறகும் இந்த உலகத்தை நம்பிக் கன்ட்ரோலரை மடியில் வைத்தவரும் நீங்கள். அதற்கு ஆட்டம் என்ன செய்யும்?

கொள்ளிடத்தான் எழுதியது:

என் சாவை விளக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நான்கு துண்டுகளைத் தேடிய மணிநேரங்களுக்குக் கணக்குக் கேட்டேன். முழு முகமூடிகள், மூர்விங், ஓர் அடிக்கு இரண்டு: ஐந்து இருந்தாலும் மூன்றாம் அடி, ஆறு இருந்தாலும் மூன்றாம் அடி. ‘ஆம், பயனில்லை’ என்ற இரண்டு சொற்களை எழுத உங்களுக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

நிழல்வாள் எழுதியது:

பயன் உண்டு என்பதால் எழுதவில்லை. மூன்று மீட்கும் பைண்டைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அடி வாங்கிய பிறகு ஐந்துக்காரருக்கு நான்கு இருக்கும், ஆறுக்காரருக்கு ஐந்து இருக்கும்.

கொள்ளிடத்தான் எழுதியது:

அந்த ஒரு பைண்டுக்கு ஒன்பது வெட்டுகள். அதற்குள் மூன்றாம் அடி விழுந்துவிடுகிறது என்பதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.