கண்மாய்த் திட்டத்துக்குப் பணம் அனுப்புவதற்கு முன்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

நம் ஊர்ப் பாசன ஏரியான பெரிய கண்மாயைச் சீரமைக்க நாம் பணம் போடும் திட்டத்துக்குச் சங்கப் பொருளாளர் அண்ணன் அனுப்பிய மதிப்பீட்டைப் படித்தேன். கரைமேல் நடைபாதை, உட்சரிவில் கான்கிரீட், உள்வாயை, அதாவது தண்ணீர் நிற்கும் உட்பரப்பை, ஆழப்படுத்துதல், மிகுநீர் வழியும் கலுங்கை ஓர் அடி உயர்த்துதல் என நான்கு வேலைகள். சிமெண்ட், கம்பி, கூலிக் கணக்கெல்லாம் தெளிவாக இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

இதற்கெல்லாம் சுற்றுச்சூழல் அனுமதி தேவையா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சுரங்கம், அனல்மின் நிலையம் போன்றவற்றுக்கும், கட்டடமென்றால் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கும்தான் பொருந்தும். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்பதால் நீர்வளத் துறையின் ஒப்புதல் வேண்டும், அது தனி. ஆகவே இந்த வேலையால் என்ன கெடும் என்று சட்டப்படி நம்மைக் கேட்க ஆளில்லை. நாமே கேட்டுக்கொள்வதுதான் முறை.

எனக்குப் பெரும் கவலை கலுங்கைப் பற்றியது. ஓர் அடி உயர்த்தினால் கூடுதல் தண்ணீர் நிற்கும், உண்மைதான். ஆனால் மேற்கே உள்வாயை ஒட்டிய பட்டா நிலங்களில் அந்தத் தண்ணீர் ஏறும். கலுங்கில் வழிந்தோடும் நம் மறுகால் தண்ணீர்தான் கீழூர்க் கண்மாய்க்கு வரத்து. மழை குறைந்த ஆண்டில் அவர்களுக்கு ஒரு சொட்டும் போகாது. இரண்டு ஊரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அவர்களைக் கேட்காமல் கலுங்கில் ஒரு கல்லைக்கூட வைக்கக் கூடாது.

அடுத்தது ஆழப்படுத்துவது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கும், மீன் பிழைக்கும், பாசனத்துக்கு உதவாது. மேலே படிந்த வண்டலை வயலுக்கு அள்ளுவது நல்லது. அதற்கும் கீழே இருக்கும் களிதான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இயந்திரம் அதையும் வாரிவிட்டால் தை மாதத்திலேயே கண்மாய் வறண்டுவிடும். கரையடியை ஒட்டித் தோண்டினாலோ கரையே சரியும்.

உட்சரிவு கான்கிரீட்டில் ஆடுமாடு எங்கே இறங்கும்? கோரை எங்கே முளைக்கும்? உள்வாய்க் கருவேல மரங்களில் அடையும் கொக்குகளுக்கு இரவு முழுதும் எரியும் நடைபாதை விளக்கு என்ன செய்யும்? நடைபாதையே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. முதியவர்களுக்கு அது தேவைதான். ஊருணியைச் சுற்றிப் போடலாமே.

நமக்குப் பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனபோது ஊர்கள் திரண்டன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மக்களின் உறுதிதான் முதல் காரணம். ஆனால் அங்குள்ள சுனைகளும் பறவைகளும் ஏரிகளும் முன்பே அரசுப் பதிவில் ஏறியிருந்ததும் பெரிய பிடிமானம் என்று நம்புகிறேன். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், ஊரின் உயிர்வளத்தைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். நம் ஊராட்சியின் பதிவேட்டில் பெரிய கண்மாயைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் இருப்பவர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

முதல் தவணையை ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை நிறுத்திவைக்கலாம் என்பது என் வேண்டுகோள். அதற்குள் அளவையாளர் ஒருவரை வைத்து மடை, கலுங்கு, வரத்துக் கால்வாய் ஆகியவற்றின் மட்டத்தை எடுத்துவிடலாம். மடை திறப்பவர், ஆடு மேய்ப்பவர்கள், மீன் குத்தகைக்காரர், கீழூர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கி, அக்டோபர் 2 கிராம சபையில் எல்லோர் முன்னும் படிக்க வேண்டும். அளவைச் செலவில் என் பங்கை இன்றே அனுப்புகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்றுதான் செயற்குழு பணத்தைப் பற்றி முடிவெடுக்கிறது.

அன்புடன்,
தோஹாவிலிருந்து உங்களில் ஒருவன்